அன்றாடப் பொருள்களின் விமர்சகர்

ஜார்ஜ் ஆர்வெல் என்றதும் ‘விலங்குப் பண்ணை’, ‘1984’ ஆகிய இரு நாவல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நெடுங்காலம் அவருக்கு வருவாய் தந்த தொழில் இதழியல்தான். தேநீர், எச்சில் பாத்திரம், புத்தக விலை, வானொலி, துப்பாக்கி என மனிதர் கையாளும் பொருள்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளும் நாவல்களுக்கு இணையாக வாசிக்கத் தக்கவை.

எரிக் ஆர்தர் பிளேர் என்ற இயற்பெயருடைய அவர், 1903-இல் பிகாரின் மோதிஹாரியில் பிறந்தார். பர்மாவில் காவல் துறை அதிகாரியாக இருந்தவர், 1927-இல் விடுப்பில் இங்கிலாந்து திரும்பியபின் அப்பணிக்குச் செல்லவில்லை. லண்டனில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். 1936-இல் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கித் தொழிலாளர்களின் உழைப்பை நேரில் கண்டார். 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் பணியாற்றினார். பின்னர் ‘டிரிப்யூன்’ வார இதழின் இலக்கிய ஆசிரியரானார்.

அவ்விதழில் 1945 தொடக்கத்தில் பாத்திரம் கழுவுவது பற்றி எழுதினார். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே இந்த வேலைக்குச் செலவாகும் நேரம் வீண் என்பது அவர் கருத்து. துணிகள் சலவைக்குச் செல்வதுபோல, எச்சில் தட்டுகளை நகராட்சி வண்டி எடுத்துச் சென்று தூய்மையானவற்றைத் தரலாம் என்றார். போர்க் கருவிகளில் காட்டிய அறிவுக்கூர்மையை மனித இனம் அடுக்களைக்குக் காட்டவில்லை என்பதே அவருடைய குறை.

புத்தகம் எளியோருக்கு எட்டாத ஆடம்பரம் என்ற பேச்சையும் அவர் கணக்குப் போட்டே சோதித்தார். 1946-இல் தம்மிடமிருந்த சுமார் 900 நூல்களை விலையுடன் கணக்கிட்டார். வாசிப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 25 பவுண்டு ஆவதையும், புகையிலைக்கும் மதுவுக்கும் அதைவிட அதிகம் ஆவதையும் கண்டறிந்தார். வாசிப்பு குறைவதற்கு விலை காரணமல்ல, விருப்பமின்மையே காரணம் என்று முடித்தார்.

ஹிரோஷிமாவுக்குப் பிந்தைய அக்டோபரில் அணுகுண்டு பற்றி எழுதியபோது இன்னும் ஆழமாகச் சென்றார். மலிவாகவும் எளிதாகவும் செய்யக்கூடிய ஆயுதம் சாமானியருக்கு வலிமை தருகிறது. பெரும் பொருட்செலவில் மட்டுமே செய்ய முடிகிற ஆயுதம் ஆள்வோரிடம் அதிகாரத்தைக் குவிக்கிறது என்பது அவர் வாதம். பனிப்போர் என்ற சொல்லை அக்கட்டுரையிலேயே கையாண்டார்.

1949-இல் வெளிவந்த ‘1984’ நாவலில், வீட்டுச் சுவரில் இருந்தபடி மனிதரைக் கண்காணிக்கும் திரை அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே. மறு ஆண்டு ஜனவரியில், 46 வயதில், காசநோய் அவரைக் கொண்டுசென்றது.

புதிய கருவி ஒன்று சந்தைக்கு வந்தால் அதன் விலையையும் வசதியையும் விசாரிக்கிறோம். அது யாருடைய சுமையைக் குறைக்கிறது, யாருடைய கையை வலுப்படுத்துகிறது என்று ஆர்வெல் கேட்டார். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு திரை இருக்கும் இக்காலத்தில், அக்கேள்விகளை நாமும் கேட்டாக வேண்டும்.