ஹோண்டா டீம் ஏன் கடைசிக்குப் போனது? விடை இருப்பது சோய்ச்சிரோ ஹோண்டாவின் வாழ்க்கையில்!

2024 மோட்டோஜிபி சீசன் முடிந்தபோது தயாரிப்பாளர் பட்டியலில் இருந்தவை ஐந்து நிறுவனங்கள். முதலிடம் டுகாட்டி, 722 புள்ளிகள். கடைசி இடம் ஹோண்டா, வெறும் 75 புள்ளிகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், 2019-ல், இதே ஹோண்டாதான் சாம்பியன்.

பணம் இல்லையா? உலகத்திலேயே அதிக டூவீலர் விற்கும் கம்பெனி அது. உங்கள் தெருவிலேயே நாலு ஆக்டிவா நிற்கும். இன்ஜினியர்கள் இல்லையா? அதற்கும் பஞ்சமில்லை. அப்புறம் என்னதான் பிரச்சினை என்று தேடிப் போனால், 1991-ல் இறந்துபோன ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் பெயர்தான் கம்பெனிக்கும் பெயர்.

சோய்ச்சிரோ ஹோண்டாவை தோல்வியிலிருந்து பாடம் கற்ற மாமனிதராக வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் பார்த்திருப்பீர்கள். அது பாதிக் கதை. சில தோல்விகளை அவர் சட்டென்று ஒப்புக்கொண்டார். வேறு சிலவற்றை, அடுத்தவர்கள் வந்து கையைப் பிடித்து நிறுத்தும் வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவருடைய ரேஸ் டீம் ஜெயித்ததற்கும் சொதப்பியதற்கும் இந்த இரண்டு குணங்களும்தான் காரணம்.

கொல்லர் வீட்டுப் பையன்

1906 நவம்பர் 17-ம் தேதி, ஜப்பானின் ஹமாமட்சு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா கிஹேய் கொல்லர். பிறகு சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். பையனுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை. 15 வயதில் டோக்கியோ போய் ஆர்ட் ஷோகாய் என்ற கார் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். 1928-ல் அதன் கிளையை ஹமாமட்சுவில் தானே தொடங்கினார்.

கார் ரேஸ் பைத்தியம் அங்கேயே பிடித்துவிட்டது. 1936-ல் டாமகாவா டிராக்கில் நடந்த பந்தயத்தில் அவர் கார் இன்னொரு காரில் மோதிப் புரண்டது. அவருக்கும், கூடவே இருந்த தம்பிக்கும் பலத்த அடி.

அடுத்து பிஸ்டன் ரிங் தயாரிப்பு. டொயோட்டாவின் பரிசோதனைக்கு 50 ரிங்குகளைக் கொடுத்தார். தேறியது மூன்றே மூன்று. எங்கே தப்பு என்று அவருக்கே புரியவில்லை. இந்த ரிங் தயாரிப்புக்காக அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். தான் ஒரு முதலாளி என்ற கௌரவத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஹமாமட்சு தொழில்நுட்பப் பள்ளியில் போய் உலோகவியல் படித்தார். தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட ஹோண்டா இவர்.

போரில் குண்டுவீச்சு, 1945 ஜனவரியில் நிலநடுக்கம். தொழிற்சாலை சிதைந்தது. மிச்சத்தை டொயோட்டாவிடம் 4,50,000 யென்னுக்கு விற்றார். 1946-ல், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த குட்டி இன்ஜின்கள் சுமார் 500 கைக்குக் கிடைத்தன. அவற்றை சைக்கிளில் பொருத்தி விற்க ஆரம்பித்தார். 1948 செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் பிறந்தது. மறு வருஷமே டகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். இன்ஜின் ஹோண்டாவின் பொறுப்பு, பணமும் விற்பனையும் ஃபுஜிசாவாவின் பொறுப்பு. இந்த ஜோடி இல்லையென்றால் அந்த கம்பெனி பத்து வருஷம்கூடத் தாண்டியிருக்காது.

காலி கஜானா, பெரிய சபதம்

1954 பிப்ரவரியில் பிரேசிலின் சாவ் பாலோவில் நடந்த ரேஸுக்கு ஒரு 125 சிசி ஹோண்டா போனது. 13-வது இடம். மார்ச் 20-ம் தேதி, உலகின் மிகக் கடினமான பைக் ரேஸான ஐல் ஆஃப் மேன் டிடி-யில் கலந்துகொண்டு ஜெயிக்கப் போவதாக ஹோண்டா அறிவித்தார். அப்போது கம்பெனியின் நிலைமை படுமோசம். வெளிநாட்டு இயந்திரங்களை ஏகப்பட்ட விலைக்கு வாங்கியாயிற்று, விற்பனை சரிந்துகொண்டிருந்தது. சொந்த ஊழியர்களுக்குத் தெம்பு கொடுக்கவும் அந்த அறிவிப்பு தேவைப்பட்டது.

அந்த ஜூன் மாதமே ரேஸ் பார்க்க நேரில் போனார். பார்த்ததும் ஆடிப்போனார். ஜெர்மனியின் என்எஸ்யூ பைக்குகள், அதே அளவு ஹோண்டா இன்ஜினைவிடச் சுமார் மூன்று மடங்கு பவரில் ஓடின. அடுத்த வருஷமே வந்து ஜெயிப்பதெல்லாம் நடக்காது என்று அங்கேயே புரிந்துவிட்டது. ஐரோப்பாவில் கிடைத்த செயின், டயர், ரிம், கார்புரேட்டர் என்று வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அவற்றைப் பிரித்துப் பார்த்து, அளந்து, ஐந்து வருஷம் உழைத்தார்கள்.

1959-ல் ஹோண்டா டீம் ஐல் ஆஃப் மேனில் இறங்கியது. மேனேஜர் கியோஷி கவாஷிமா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 125 சிசி பிரிவில் 6, 7, 8, 11-வது இடங்கள், கூடவே அணிப் பரிசு. 1961-ல் அதே தீவில் மைக் ஹெய்ல்வுட் 125, 250 இரண்டு பிரிவுகளிலும் ஜெயித்தார். இரண்டிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கே. சபதம் போட்டு ஏழே வருஷம்!

பவர் இருக்கு, பிடி இல்லை

இங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. ஹோண்டாவுக்கு இன்ஜின் என்றால் உயிர். டூ-ஸ்ட்ரோக் பிடிக்காது, ஃபோர்-ஸ்ட்ரோக்தான். 1949-ல் வந்த அவருடைய முதல் டிரீம் பைக்கே டூ-ஸ்ட்ரோக் என்பது வேறு விஷயம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருளை எரிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஈடுகொடுக்க ஒரே வழி, இன்ஜினை இன்னும் வேகமாகச் சுழல விடுவது. அதற்காக சிலிண்டர்களைக் குட்டியாக்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 125 சிசி-யில் ஐந்து சிலிண்டர், 250 சிசி-யில் ஆறு சிலிண்டர். கடிகாரம் செய்வது போன்ற வேலை அது.

1966-ல் 50, 125, 250, 350, 500 என்று ஐந்து பிரிவுகளிலும் தயாரிப்பாளர் பட்டம் ஹோண்டாவுக்கு. ஆனால் 500 சிசி ஓட்டுநர் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை. முதல் இரண்டு ரேஸ்களை ஜெயித்த ஜிம் ரெட்மேன் பெல்ஜியத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். 1967-ல் ஹெய்ல்வுட் ஐந்து வெற்றி, எம்வி அகுஸ்டாவின் அகோஸ்டினி ஐந்து வெற்றி. பட்டம் அகோஸ்டினிக்குப் போனது. ஹோண்டாவின் 500 இன்ஜினில் பவருக்குக் குறைவே இல்லை. ஃபிரேமால்தான் அதைத் தாங்க முடியவில்லை. வளைவுகளில் வண்டி ஆடியது. இன்ஜினுக்குக் கொட்டிய உழைப்பில் பாதியை ஃபிரேமுக்குக் கொடுத்திருந்தால் கதையே வேறாகியிருக்கலாம். 138 கிராண்ட் பிரி வெற்றிகளோடு, 500 சிசி ஓட்டுநர் பட்டம் இல்லாமலே, ஹோண்டா பைக் ரேஸிலிருந்து விலகியது.

ஒரு உயிர் போன பிறகும்

கார் பக்கம் நடந்தது இதைவிட மோசம். இன்ஜினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் அடுத்த பிடிவாதம். தண்ணீரையும் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது, நடுவில் அந்தத் தண்ணீர் எதற்கு என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி உருவான ஆர்ஏ302 என்ற ஃபார்முலா ஒன் காரை ஓட்டிப் பார்த்த ஜான் சர்ட்டீஸ், இது ரேஸுக்குத் தயாராக இல்லை என்று மறுத்துவிட்டார். இருந்தும் 1968 ஜூலை 7, பிரான்ஸின் ரூவான் டிராக்கில் அந்தக் கார் இறக்கப்பட்டது. ஓட்டியவர் பிரெஞ்சு வீரர் ஜோ ஷ்லெஸர். மழை. மூன்றாவது சுற்றில் கார் தடுமாறி மோதி எரிந்தது. உடல்பாகத்தில் மெக்னீசியம் இருந்ததால் தீயை அணைப்பதே பெரும்பாடு. ஷ்லெஸர் அங்கேயே இறந்தார்.

அந்த சீசனோடு ஹோண்டா ஃபார்முலா ஒன்னை விட்டது. ஆனால் ஏர்-கூலிங்கை விடவில்லை! 1969-ல் ஹோண்டா 1300 என்ற சாதாரணக் காரையும் அதே முறையில் கொண்டுவந்தார். எடை கூடியது, செலவு கூடியது, விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் இல்லாமல் இனி ஆகாது என்று இளம் இன்ஜினியர்கள் தலையால் அடித்துக்கொண்டார்கள். பின்னாளில் கம்பெனியின் தலைவரான தடாஷி குமேயும் அவர்களில் ஒருவர். நிறுவனரிடம் இதை நேரடியாகச் சொல்லி ஜெயிக்க யாராலும் முடியவில்லை.

கடைசியில் பேசியது ஃபுஜிசாவா. நீங்கள் இந்தக் கம்பெனியின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, இன்ஜினியராக இருக்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஹோண்டா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தலைவர் என்றார். அப்படியானால் இளைஞர்களை வாட்டர்-கூலிங் செய்ய விடுங்கள் என்றார் ஃபுஜிசாவா. விட்டார். 1972-ல் சிவிக் கார் வந்தது. அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளையே தாண்டிய சிவிசிசி இன்ஜினும் வந்தது. மறு வருஷம், 1973-ல், இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். நாற்காலி கவாஷிமாவுக்குப் போனது. ஆமாம், 1959-ல் ஐல் ஆஃப் மேனுக்கு டீமை அழைத்துப் போன அதே கவாஷிமா.

எட்டு வால்வு, ஓவல் பிஸ்டன்

1977-ல் கவாஷிமா மறுபடி கிராண்ட் பிரிக்கு வருவதாக அறிவித்தார். அந்த நேரம் 500 சிசி முழுக்க டூ-ஸ்ட்ரோக் ராஜ்ஜியம். யமஹா, சுசுகி இரண்டும் அதில்தான் ஜெயித்துக்கொண்டிருந்தன. ஹோண்டாவிடமும் டூ-ஸ்ட்ரோக் அனுபவம் இருந்தது. 1973-லேயே எல்சினோர் மோட்டோகிராஸ் பைக்கை விற்றிருந்தது. ஆனாலும் ரோடு ரேஸுக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்தான் என்று முடிவெடுத்தார்கள். ஓய்வு பெற்ற மனிதர் ஆபீஸுக்கு வராவிட்டாலும் அவர் நம்பிக்கை ஆபீஸை விட்டுப் போகவில்லை.

இப்போது விதிகளும் மாறியிருந்தன. நாலு சிலிண்டருக்கு மேல் கூடாது. 60-களின் பழைய வித்தை பலிக்காது. அதனால் ஹோண்டா இன்ஜினியர்கள் யாருமே யோசிக்காத ஒன்றைச் செய்தார்கள். பிஸ்டனை வட்டமாகச் செய்யாமல் ஓவலாகச் செய்தார்கள். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு கனெக்டிங் ராட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் எட்டு வால்வு. மொத்தம் 32 வால்வு. கணக்குக்கு நாலு சிலிண்டர், நடப்பில் எட்டு சிலிண்டர். பெயர் என்ஆர்500. ஃபிரேம் புதுசு, சக்கர அளவு புதுசு, எல்லாமே புதுசு. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1979 ஆகஸ்ட், சில்வர்ஸ்டோன். அப்போதெல்லாம் பைக்கைத் தள்ளி ஓடித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். என்ஆர் லேசில் ஸ்டார்ட் ஆகாது. மிக் கிராண்ட் முதல் வளைவிலேயே, தன் வண்டி கக்கிய ஆயிலில் வழுக்கி விழுந்தார். கடாயாமாவின் வண்டியும் பாதியில் நின்றது. அடுத்து பிரான்ஸில் இருவரும் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. என்ஆர் என்றால் 'நெவர் ரெடி' என்று கிண்டல் கிளம்பியது. 1981 வரை முயன்றும் உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் செய்தார்கள். என்எஸ்500. எதிரிகளைவிடப் பவர் குறைவு. ஆனால் சின்னது, லேசானது, சொன்ன பேச்சைக் கேட்கும். 1982 ஜூலையில் பெல்ஜியத்தில் ஃபிரெடி ஸ்பென்சர் அதில் ஜெயித்தார். 1983-ல் 21 வயதில் உலக சாம்பியன். நிறுவனர் உயிரோடு இருந்தபோதே, அவருக்குப் பிடிக்காத இன்ஜின்தான் 500 சிசி ஓட்டுநர் பட்டத்தை முதன்முதலாக அந்தக் கம்பெனிக்குக் கொண்டுவந்தது.

ஹோண்டா 1991 ஆகஸ்ட் 5-ம் தேதி, 84 வயதில் காலமானார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு நடத்தி டிராஃபிக் ஜாம் ஏற்படுத்த வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். கார் தயாரித்தவருக்கு அந்தக் கவலை இருந்திருக்கிறது.

இப்போ என்ன ஆச்சு?

இன்றைய சறுக்கலில் பிஸ்டன் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் குணம் பழையதுதான். 2013 முதல் 2019 வரை மார்க் மார்க்கேஸ் என்ற ஒரே வீரர் ஹோண்டாவுக்கு ஆறு பட்டங்கள் வாங்கித் தந்தார். அவரைத் தவிர மற்றவர்களுக்கு அடங்காத வண்டி அது என்பது பேடாக் முழுக்கத் தெரிந்த விஷயம். ஜெயித்துக்கொண்டிருந்ததால் யாரும் அவசரப்படவில்லை. 2020 ஜூலையில் ஹெரெஸ் ரேஸில் அவர் வலது கை உடைந்தபோதுதான் குட்டு உடைந்தது. அந்த வருஷம் ஹோண்டாவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2022-ல் ஜெர்மனியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பினார்கள்.

இடையில் டுகாட்டி, எட்டு பைக்குகளை டிராக்கில் இறக்கி எட்டிலிருந்தும் டேட்டா சேர்த்துக்கொண்டிருந்தது. ஏரோடைனமிக்ஸ், பின்சக்கரப் பிடிமானம் என்று பந்தயமே வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஹோண்டா தன் பழைய பாதையிலேயே ரொம்ப நாள் நடந்தது. ஜெர்மனியின் கேலக்ஸ் நிறுவனத்திடம் ஃபிரேம் கேட்கும் அளவுக்கு இறங்கி வந்தது 2023-ல்தான். அந்த வருஷத்தோடு மார்க்கேஸ், ஒப்பந்தம் மீதி இருந்தும், கிளம்பிவிட்டார். 2025-ல் ஏப்ரிலியாவிலிருந்து ரொமானோ அல்பெசியானோ என்ற இத்தாலியரைத் தொழில்நுட்ப இயக்குநராகக் கொண்டுவந்தார்கள். வெளியாளைக் கேட்பதில் வெட்கமில்லை என்ற இடத்துக்கு வந்து சேர இத்தனை வருஷம்!

பலன் கொஞ்சம் தெரிகிறது. 2025 மே மாதம், மழை கொட்டிய லெ மான்ஸில் யோஹன் ஸார்கோ ஒரு ஹோண்டாவில் ஜெயித்தார். செப்டம்பர் 28-ம் தேதி மோட்டேகியில், ஹோண்டாவுக்குச் சொந்தமான அந்த டிராக்கில், ஃபேக்டரி டீமின் ஜோன் மிர் மூன்றாவது இடம் பிடித்துப் போடியம் ஏறினார். அவருக்கு மேலே நின்ற இரண்டு பேரும் டுகாட்டிக்காரர்கள். அதில் இரண்டாமிடம் பிடித்தவர் அன்றைக்கே உலக சாம்பியன் பட்டத்தையும் உறுதி செய்திருந்தார். அவர் பெயர் மார்க் மார்க்கேஸ்.