ஏழைப் பிள்ளைகளின் முன் மண்டியிட்ட மருத்துவர் – மரியா மாண்டிசோரி



1907-ஆம் ஆண்டு சனவரி 6. ஞானிகள் குழந்தை இயேசுவைத் தேடி வந்து வணங்கியதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா. அன்று உரோமை நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகளின் குடியிருப்பில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஓர் அறையில் ஏறத்தாழ 50 சிறு பிள்ளைகளுக்காக 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் 36 வயதுப் பெண் மருத்துவர் மரியா மாண்டிசோரி.

மாண்டிசோரி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது, பெருந்தொகை கட்டிச் சேர வேண்டிய மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைதான். ஆனால் அந்தப் பெயர் பிறந்தது கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகள் நடுவில். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

மரியா 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது மிக அரிதாக இருந்த காலம் அது. தந்தைக்கு விருப்பமில்லை, தாய் துணை நின்றார். 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மனநலக் காப்பகங்களில் அடைத்து வைக்கப்பட்டிருந்த, மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கண்டார். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் தேவை என்று உணர்ந்தார். தொட்டும் தடவியும் அடுக்கியும் கற்கும் பொருள்களை அவர்களுக்காக உருவாக்கினார். எதற்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அவர்களில் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றனர்.

அவர் வாழ்வில் ஆழமான காயம் ஒன்றும் உண்டு. 1898-இல், திருமணம் ஆகாத நிலையில், அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். அக்காலச் சமூகத்தின் பழிச்சொல்லுக்கு அஞ்சி, குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. அவ்வப்போது போய்ப் பார்த்து வந்த மரியாவால், நான்தான் உன் தாய் என்று சொல்ல முடியவில்லை. மகன் தாயிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஏறத்தாழ 15 வயது. அதன் பிறகும் பல ஆண்டுகள் உறவுக்காரப் பையன் என்றே வெளியுலகுக்கு அறிமுகம் செய்யப்பட்டான். இதை வைத்து அவரைத் தீர்ப்பிடுவது நம் வேலை அல்ல. தன் பிள்ளையை மடியில் வைத்து வளர்க்க முடியாத ஒரு தாய், ஊரார் பிள்ளைகளுக்காக வாழ்நாளையே கொடுத்தார் என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம்.

சான் லொரென்சோவில் நடந்தது என்ன? பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் கட்டடத்தில் கேட்பாரின்றித் திரிந்தனர், சுவர்களைப் பாழாக்கினர். இவர்களை ஓர் அறையில் சேர்த்துக் கவனித்தால் பழுதுபார்க்கும் செலவு மிஞ்சுமே என்று கட்டட நிறுவனத்தார் கருதினர். இப்படிச் சுவரைக் காப்பதற்காகத் தொடங்கிய வேலையை ஏற்ற மரியா, சுவரைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தார்.

அங்கே முதல் ஆசிரியையாகப் பணியாற்றியவர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்லர். அந்தக் கட்டடத்தின் காவலாளியின் மகள். பாடம் நடத்த வேண்டாம், பொருள்களைக் கொடுத்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் போதும் என்பதே மரியா அவரிடம் கேட்டது. ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்த அந்த ஆசிரியை, மறுநாள் சற்றுத் தாமதமாக வந்தார். பிள்ளைகள் தாங்களே பொருள்களை எடுத்து வேலையில் மூழ்கியிருந்தனர். ஆசிரியைக்கு அது திருட்டுப் புத்தியாகத் தெரிந்தது. மரியாவுக்கோ, தமக்கு எது தேவை என்று அறிந்து தேர்ந்துகொள்ளும் திறமையாகத் தெரிந்தது. அதன் பின் பூட்டு போன இடத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் குட்டை அலமாரிகள் வந்தன.

இன்னொரு நாள், கைக்குட்டையால் மூக்கைச் சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று மரியா செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தனர். மூக்கு ஒழுகுகிறது என்று நாள்தோறும் ஏச்சு வாங்கிய பிள்ளைகள் அவர்கள். திட்டாமல், கேலி செய்யாமல், அதை யாரும் அதுவரை சொல்லிக் கொடுத்ததில்லை. ஏழைக்கும் மானம் உண்டு. மூன்று வயது ஏழைக்கும் உண்டு என்பதை மரியா அன்று கண்டுகொண்டார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய அப்பிள்ளைகள், நான்கு ஐந்து வயதிலேயே எழுதத் தொடங்கியது உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

பின்னர் முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் 1934-இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1936-இல் உள்நாட்டுப் போர் அவரை ஸ்பெயினிலிருந்தும் துரத்தியது. நெதர்லாந்தில் குடியேறினார். அங்கிருந்துதான் 1939 நவம்பரில், 69-ஆம் வயதில், நம் சென்னைக்கு வந்தார். அவரை அழைத்தவர் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரும் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவருமான ஜார்ஜ் அருண்டேல். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேர் பயிற்சி பெற்றனர். மரியா இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியாவுக்கு அடையாறு வளாகமே காவலானது. ஆனால் ஆகஸ்ட் 31 அன்று, அவரது 70-ஆம் பிறந்தநாள் பரிசாக, மாரியோ விடுவிக்கப்படுவதாக வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. அதில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். இத்தனை ஆண்டுகள் வெளியே சொல்ல முடியாத சொல், நம் சென்னை மண்ணில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

போர் முடியும்வரை அவர்கள் இந்தியாவிலேயே தங்கினர். கொடைக்கானலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். அகமதாபாத், கொழும்பு போன்ற இடங்களிலும் பயிற்சி அளித்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் உருவாயினர். 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்விக் என்ற ஊரில், ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது பற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்த நாளிலேயே, 81 வயதில் இறந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பானவர்களே, அடையாறு நம் நாவலூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். இங்கே பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் மாடிகள் எழுகின்றன. அவற்றைக் கட்டுவோரில் பலர் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் தகரக் கொட்டகை ஓரத்தில் மணலிலும் சல்லியிலும் விளையாடுகிறார்கள். செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சான் லொரென்சோ வெகுதூரத்தில் இல்லை.

பண்டிகை நாளில் நாம் அவர்களுக்குக் கேக்கும் துணியும் கொடுத்துப் படம் எடுத்துத் திரும்புகிறோம். அது தவறல்ல, ஆனால் போதாது. வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில், அதே முகங்கள் தவறாமல் போய் அமர்ந்தால் அது கல்வி ஆகும். நான் பி.எட். படிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். காவலாளியின் மகளும் படித்திருக்கவில்லை. அவர்கள் மொழி தெரியாதே என்றும் தயங்க வேண்டாம். மரியாவுக்குத் தமிழும் தெரியாது. ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்குப் பயறு மாற்றுவது, பொத்தான் போடுவது, கை கழுவுவது, உப்புத்தாள் எழுத்தைத் தடவுவது ஆகியவற்றை நிதானமாகச் செய்து காட்டி, பிறகு கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தால் போதும். அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டு, அவருக்குத் துணையாக இருப்பதும் நல்ல தொடக்கம்.

யார் பெரியவர் என்று சீடர்கள் வாதாடியபோது, ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். அது யாருடைய பிள்ளை என்று நற்செய்தி சொல்லவில்லை. நம் தெருமுனைக் கட்டடத்தில் விளையாடும் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா? இந்த வாரம் அதைக் கேட்டறிவதிலிருந்து தொடங்குவோம்.