செம்பையும் வானொலியும்

எங்கள் பாலக்காட்டுச் சீமையில், கோட்டாயியை அடுத்த செம்பைக் கிராமத்தைச் சேர்ந்தவர், 1896-இல் பிறந்த வைத்தியநாத பாகவதர். ஒலிபெருக்கி வராத காலத்திலேயே கடைசி வரிசையை எட்டிய வெண்கலக் குரல் அவருடையது. 1938-இல் சென்னை வானொலி நிலையம் தோன்றியபின் சங்கீதம் வீடு தேடி வந்தது. நாடாப்பதிவு பரவாத நாட்கள் அவை. சிவப்பு விளக்கு எரிந்ததும் பாட வேண்டியதுதான். இருமினாலும் ஊரெல்லாம் கேட்கும்.

1951-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒரு சமயம் அவருக்குக் குரல் அடைத்துக்கொண்டது! பாடகருக்கு இதினும் கொடுமை உண்டோ? அகில இந்திய வானொலி தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது 1952-இல். வைத்தியமும் பார்த்தார்; குருவாயூரப்பனையும் வேண்டினார். குணமாக்கியது எது என்று நான் வழக்காட வரவில்லை. குரல் திரும்பிற்று.

1974 அக்டோபர் 16 அன்று ஒற்றப்பாலத்தில் கச்சேரி செய்துவிட்டு, அன்றே காலமானார். குருவாயூரில் அவர் பெயரால் நடக்கும் விழாவின் பஞ்சரத்தின கீர்த்தனைகளை வானொலி நேரடியாக ஒலிபரப்பும்போது, எங்கள் வீட்டில் அடுப்பு கூடச் சற்றுத் தாமதமாகத்தான் எரியும்.