மண்ணில் மருந்து கண்ட சுப்பாராவ்

நாம் நாள்தோறும் மிதிக்கும் மண்ணிலே கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் கோடி கோடியாய் வாழ்கின்றன. அவற்றுள் நோய் தருவனவும் உள; நோய் தீர்க்கும் பொருளைச் சுரப்பனவும் உள. பின்னவற்றைத் தேடுவித்து உலகுக்கு உதவிய பெரியார், நம் சென்னையிலே பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இவர் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால், காந்தியடிகள் வழிநின்று கதராடை உடுத்தமையால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் வெகுளிக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டமின்றி எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார்.

பின்னர் அமெரிக்கா சென்று, இரவில் மருத்துவமனை ஏவலராய் உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி புரிந்தார். பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925-இல் பிஸ்கே என்பாருடன் வகுத்தார். அம்முறை இருவர் பெயராலும் வழங்கலாயிற்று. எனினும் ஆங்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லி ஆராய்ச்சிச்சாலையை அடைந்தார். அங்கே இவர் தலைமையில் 1945-இல் போலிக் அமிலம் செயற்கையாய் ஆக்கப்பட்டது. உடன்பிறந்தாரைக் கொண்ட நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ராசானும் அச்சாலையிலேயே பிறந்தது.

பல்வேறிடத்து மண்ணையும் வருவித்து ஆராய்ந்த அவ்விடத்தே, எழுபது வயது கடந்த டக்கர் என்னும் தாவரநூற் புலவர், மிசௌரி வயலொன்றின் மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அது சுரக்கும் பொருளே ஆரியோமைசின். பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் சிலவும் அதற்கு அடங்கின. அம்மருந்து 1948-இல் வெளிப்பட்டது. புகழ் டக்கரைச் சார்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, தம் 53-ஆம் வயதில், சுப்பாராவ் மறைந்தார்.

இன்று இத்தேடல் மண்ணைக் கடந்து கடலுட் புகுந்துளது. கடற்பஞ்சு ஓரிடத்தே ஒட்டி வாழும் உயிர். பகைவரைக் கண்டு ஓடவும் ஒளியவும் மாட்டாது. ஆயினும் அதனுடலில் பகையை விலக்கும் பொருள்கள் பல உள. அவற்றுட் சில, பஞ்சின் உடலிற் குடியிருக்கும் நுண்ணுயிர்களே ஆக்குவன என்பதை அறிஞர் கண்டனர். டக்கர் கண்ட உயிரின் இனத்தனவும் ஆங்கு வாழ்கின்றன. நம் மன்னார் வளைகுடாவிலும் கடற்பஞ்சுகள் உண்டு.

ஆதலின், பரவையின் வயல்மண்ணும் மன்னார்க் கடலின் பஞ்சும் நமக்கு வெறும் மண்ணும் பஞ்சும் அல்ல. பரீட்சையில் தவறியும், பட்டமிழந்தும், பதவி பெறாதும் தேடலை விடாதவர் சுப்பாராவ். அவர் பெயரைப் பலர் அறியார்; அவர் தந்த மருந்தால் உயிர் பிழைத்தாரோ எண்ணிலர். புகழை நாடாது பயனை நாடும் கல்வியே கல்வி என்பதை அவர் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.