36,000 கையெழுத்தை 987 கையெழுத்து வென்றது எப்படி? சட்டம் கேட்டுப் போராடிய வித்யாசாகரின் கதை

ஒரு சட்டம் வேணும்னு மனு போடுறவங்க முதல்ல பார்க்கிறது கையெழுத்து எண்ணிக்கையைத்தான். லட்சத்தைத் தாண்டினா ஜெயிச்ச மாதிரி ஒரு நினைப்பு. 1855-ல் கல்கத்தாவில் நடந்தது வேறு. இந்து விதவைகளின் மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கக் கோரிய மனுவில் இருந்தது 987 கையெழுத்து. அதை எதிர்த்து ராதாகாந்த தேவ் தரப்பு கொடுத்த மனுவில் சுமார் 36,000. ஆனால் 1856 ஜூலையில் மறுமணச் சட்டம் நிறைவேறியது.

அந்த 987 பேரைத் திரட்டியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். 1820-ல் வங்கத்தின் பீர்சிங்கா கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 'வித்யாசாகர்' என்பது படிப்புக்குக் கிடைத்த பட்டம். 1851-ல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வரானார். சட்டம் இயற்றும் சபையில் அவருக்கு இடம் கிடையாது.

எதிராளியின் மைதானத்தில்...

பால்ய விவாகம் சகஜமாக இருந்த காலம். வயதான குலீன பிராமணர் ஒருவர் பல சிறுமிகளை மணப்பதும் நடந்தது. அவர் இறந்தால் அத்தனை பேரும் ஒரே நாளில் விதவைகள். இது கொடுமைன்னு சொன்னா யாரும் மறுக்கப் போறதில்ல, 'சாஸ்திரம் அனுமதிக்கலையே'ன்னு கையை விரிச்சிடுவாங்க. அதனால் வித்யாசாகர் சாஸ்திரத்துக்குள்ளேயே தேடினார். கலியுகத்துக்கு உரியதாகச் சொல்லப்படும் பராசர ஸ்மிருதியில், கணவன் இறந்தால் பெண் மறுமணம் செய்யலாம் என்பதற்கு ஆதாரம் கிடைத்தது.

அதை வைத்து 1855 தொடக்கத்தில் ஒரு நூல் எழுதினார், அதுவும் சமஸ்கிருதத்தில் இல்லை, எல்லோரும் படிக்க வங்காளியில். மறுப்புகள் குவிந்தன. அதே வருஷம் அக்டோபரில் வந்த இரண்டாவது நூலில் அவற்றுக்குப் பதில் சொன்னார். சாந்திபூர் நெசவாளர்கள் அவரை வாழ்த்தும் பாட்டைச் சேலை பார்டரிலேயே நெய்தார்கள். அந்தக் காலத்து வைரல்!

கேட்டது என்ன?

நவம்பரில் ஜே.பி. கிராண்ட் மசோதாவைச் சபையில் கொண்டுவந்தார். மறுமணம் செய்தே ஆக வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பிச் செய்தால் அந்தத் திருமணம் செல்லும், பிறக்கும் குழந்தைகள் சட்டபூர்வ வாரிசுகள், அவ்வளவுதான். விருப்பமில்லாதவர்கள் எதையும் இழக்காத ஒரு சட்டத்தை எண்ணிக்கையை மட்டும் காட்டித் தடுப்பது கஷ்டம்.

அதே 1855 இறுதியில் பலதார மணத்தைத் தடை செய்யக் கோரியும் மனு கொடுத்தார். அதில் சுமார் 25,000 கையெழுத்து! ஆனால் 1857 கிளர்ச்சிக்குப் பிறகு மத விஷயங்களில் கைவைக்க ஆங்கிலேய அரசு தயங்கியது. 1866-ல் மறுபடி முயன்றும் நடக்கவில்லை. இந்துக்களுக்கு நாடு தழுவிய தடை வர 1955 ஆனது.

சட்டம் வந்த பிறகு

சட்டம் வந்தாச்சு, ஆனா கல்யாணம் பண்ணிக்க ஆள் வேணுமே? 1856 டிசம்பர் 7 அன்று கல்கத்தாவில் போலீஸ் பாதுகாப்போடு முதல் மறுமணத்தை நடத்தி வைத்தார் வித்யாசாகர். தொடர்ந்து பல திருமணங்களுக்குக் கைக்காசைப் போட்டுக் கடனாளியானார். 'ஊருக்கு மட்டும்தான் உபதேசமா' என்று கேட்க யாருக்கும் இடம் வைக்கவில்லை. 1870-ல் அவர் மகனே ஒரு விதவையை மணந்தார்.

ஒரு இடம்தான் உறுத்துகிறது. சட்டத்தின் 2-வது பிரிவுப்படி, மறுமணம் செய்யும் பெண் முதல் கணவர் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழக்க வேண்டும். பிராமணர் அல்லாத பல சாதிகளில் மறுமணம் ஏற்கெனவே வழக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பெண்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் பின்னாளில் தீர்ப்பளித்தன. அலகாபாத் மட்டும் மறுத்தது. யாருக்காகச் சட்டம் கேட்கப்பட்டதோ அவர்களைத் தாண்டி, அதைக் கேட்கவே செய்யாத பெண்களின் நிலமும் வீடும் இப்படிக் கைவிட்டுப் போனது.

வித்யாசாகர் 1891 ஜூலையில் காலமானார். அந்த 1856 சட்டம் 1983-ல் தனிச் சட்டம் மூலம் ரத்து செய்யப்பட்டது.