மரக்கோட்டையிற் சிறையிருந்த குரு

மொஸ்கோ நகரிலே, கொலோமென்ஸ்கொயே என்னும் பழைய அரண்மனைத் தோட்டத்தில், மரத்தாலான கோபுரமொன்று நிற்கின்றது. அஃது அங்கே கட்டப்பட்டதன்று. சைபீரியாவில் அங்காரா ஆற்றங்கரையிலிருந்த பிராற்ஸ்க் கோட்டைக்காக 1654ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. அணைநீரில் அவ்விடம் மூழ்கவிருந்தமையால் 1959இல் அதனைப் பெயர்த்துக் கொணர்ந்தனர். மூழ்குமுன் ஆராய்ச்சியாளர் கோட்டைத் தளத்தை அகழ்ந்தும் பார்த்தனர். கூராகச் சீவிய மரங்களை நெருக்கி நட்டு, மூலைகளிற் கோபுரம் நிறுத்தி, புரியாத்து மக்களிடம் மென்மயிர்த் தோலைத் திறையாகப் பெறுதற்குக் கொசாக்கியர் அமைத்த அரண் அது. புரியாத்து என்னும் பெயரே இரசியர் வாயிற் பிராற் எனத் திரிந்து ஊர்ப்பெயராயிற்று. அவர்கள் மொழியில் அச்சொல் உடன்பிறந்தானைக் குறிக்கும். திறை கொடுத்தவர்க்கு வாய்த்த பெயரை என்னென்பது!

அக்கோட்டையைப் பற்றிப் படிக்குந்தோறும் யான் நினைப்பது அவ்வாக்கும் என்னும் குருவை. பிதாப்பிதா நிக்கொன் 1653இல் வழிபாட்டு முறைகளைத் திருத்தத் தொடங்கியபோது, சிலுவை வரைய இருவிரலே முறை, மூவிரல் ஆகாது என எதிர்த்து நின்றவர் அவர். இயேசுவின் பெயரில் ஓரெழுத்து மிகுவதையும் பொறுத்திலர். ஓரெழுத்துக்கு இத்துணைப் பிடிவாதமா என மாணாக்கர் நகைத்தல் கூடும். எழுத்திலக்கணம் கற்பிக்கும் எனக்கு நகை வரவில்லை.

மனைவி மக்களோடு சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட அவர், பஷ்கோவ் என்னும் படைத்தலைவனுடன் கிழக்கே போக நேர்ந்தது. அவன் கொடுமையைக் கண்டித்தெழுதியதற்கு 72 கசையடி பெற்றார். 1656ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிராற்ஸ்க் கோட்டைக் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். பின்னர் வந்த பஞ்சத்தில், நாள்தோறும் இரு முட்டையிட்டுப் பிள்ளைகளைக் காத்த கருங்கோழி பனிவண்டியில் நசுங்கி மாண்டதற்கு அவர் இரங்கியதுபோல், தம் புண்களுக்கு இரங்கினாரில்லை.

1667இல் வடகோடியிலுள்ள புஸ்தொசெர்ஸ்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அங்கே நிலவறைச் சிறையிலிருந்து தம் வரலாற்றை எழுதினார். எழுதியது திருச்சபையின் செம்மொழியிலன்று. பெரும்பாலும் உழவரும் பெண்டிரும் பேசிய மொழியில். பழைய எழுத்தொன்று மாறப் பொறாதவர் பேச்சுமொழியைக் கைக்கொண்டார்! மாணாக்கர் கட்டுரைகளிற் பேச்சுவழக்கைச் சிவப்பு மையாற் கீறிக் கீறிப் பழகிய என் கை, அவர் நூலின் முன் சற்றுத் தயங்குகின்றது. 1682இல், தோழர் மூவரோடு அவரை அங்கேயே எரித்துக் கொன்றனர்.

பிராற்ஸ்கின் கோபுரங்களுள் இரண்டு எஞ்சியுள்ளன. மற்றையது பிராற்ஸ்கிலேயே உளது. தாம் கிடந்த கோபுரம் எதுவென அவ்வாக்கும் குறித்திலர். வைக்கோலிற் குப்புறக் கிடந்ததையும், கோலொன்றுங் கிடையாமையால் எலிகளைத் தம் தொப்பியால் அடித்ததையும் மாத்திரம் மறவாது எழுதிவைத்தார்.