ரங்கசாமி நரசிம்மன்

ரங்கசாமி நரசிம்மன் (ஏப்ரல் 17, 1926 – செப்டம்பர் 3, 2007) இந்தியக் கணினி அறிவியலாளர்களுள் முன்னோடி ஆவார். சென்னையில் பிறந்த இவர், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் முழு அளவு மின்னணுக் கணினியான டிப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். இந்தியாவில் கணினி அறிவியல் ஆய்வின் தந்தை என்று பலராலும் கருதப்படுகிறார். பேராசிரியர் ஆர். நரசிம்மன் என்றே பெரிதும் அறியப்பட்டவர்.

கணினிக் கட்டமைப்பு மட்டுமன்றி, பட வடிவங்களை இலக்கண முறையில் விவரித்தல், செயற்கை அறிவாண்மை, குழந்தைகள் மொழி கற்கும் முறை, எழுத்தறிவின் இயல்பு ஆகிய துறைகளிலும் இவர் ஆய்வு செய்துள்ளார். 1975 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான சிஎம்சியின் முதல் தலைவராகவும் இருந்தார்.

இளமையும் கல்வியும்

நரசிம்மன் சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் ஐக்கிய அமெரிக்கா சென்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பொறியியலும் கணிதமும் ஒருங்கே கற்ற இப்பின்னணி, கணினி என்பது தனித் துறையாக உருவாகாத அக்காலத்தில் அவருக்குப் பெரிதும் துணை செய்தது.

1954 ஆம் ஆண்டில் இந்தியா திரும்பிய அவர், ஓமி பாபா மும்பையில் நிறுவியிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார்.

அக்கால இந்தியாவில் கணினி

நரசிம்மன் தாயகம் திரும்பியபோது இந்தியாவில் இலக்கமுறைக் கணினி ஒன்றுகூட இருக்கவில்லை. கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் 1955 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து எச்இசி-2எம் என்னும் கணினியைத் தருவித்தது. இந்தியாவிற்கு வந்த முதல் இலக்கமுறைக் கணினி இதுவே. சில ஆண்டுகளுக்குப் பின் சோவியத் ஒன்றியத்தின் யூரல் கணினியும் அக்கழகத்திற்கு வந்தது.

மும்பையில் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. கணினியை வாங்குவதற்குப் பதிலாக, அதனைத் தாமே கட்டுவது என்று டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் முடிவு செய்யப்பட்டது. அங்கு அமைந்த சிறு குழுவில் பெரும்பாலோர் இளம் பொறியாளர்களும் இயற்பியல் பட்டதாரிகளும் ஆவர். அவர்களுள் எவரும் அதற்குமுன் கணினி ஒன்றை வடிவமைத்ததில்லை. பின்னாளில் பேச்சறிதல் ஆய்வில் புகழ் பெற்ற பி. வி. எஸ். ராவ் இக்குழுவில் இளம் வயதில் சேர்ந்தவர்களுள் ஒருவர்.

டிப்ராக் கணினி

முன்மாதிரிப் பொறி

முழுக் கணினியையும் ஒரேயடியாகக் கட்ட முனையாமல், முதலில் ஒரு சிறு முன்மாதிரிப் பொறியைக் கட்டிப் பார்ப்பது என்னும் முறையைக் குழு கைக்கொண்டது. வடிவமைத்த சுற்றுகள் எதிர்பார்த்தபடி இயங்குகின்றனவா என்று சோதிப்பதே இதன் நோக்கம். இம்முன்மாதிரி 1956 ஆம் ஆண்டில் இயங்கியது. இதன் நினைவகம் 256 சொற்களை மட்டுமே கொண்டது. (கணினியியலில் சொல் என்பது பொறி ஒரே முறையில் கையாளும் பிட்டுகளின் தொகுதியைக் குறிக்கும்.)

முழு அளவுக் கணினி

முன்மாதிரியில் பெற்ற பட்டறிவைக் கொண்டு முழு அளவுக் கணினி கட்டப்பட்டது. 1960 ஆம் ஆண்டில் இது முறைப்படி பயன்பாட்டிற்கு வந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத் தானியங்கிக் கணிப்பி என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே டிப்ராக் ஆகும். இப்பெயரைச் சூட்டியவர் அப்போதைய தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு.

பிரின்ஸ்டன் உயராய்வுக் கழகத்தில் ஜான் வான் நியூமனின் குழு கட்டிய கணினியின் அமைப்பைத் தழுவி டிப்ராக் வடிவமைக்கப்பட்டது. ஆனால் நினைவகத்தில் அது முன்னோடியைப் பின்பற்றவில்லை. பிரின்ஸ்டன் கணினி கதோட்டுக் கதிர்க்குழாய்களில் தரவைச் சேமித்தது. டிப்ராக் குழு அப்போது புதியதாக இருந்த பெரைட்டு வளைய நினைவகத்தைத் தேர்ந்தெடுத்தது. இதில் மிகச் சிறிய காந்த வளையங்கள் மெல்லிய கம்பிகளில் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வளையமும் காந்தமேறும் திசையைப் பொறுத்துச் சுழியம் அல்லது ஒன்று என்னும் ஒரு பிட்டைச் சேமிக்கும். மின்சாரம் நின்றாலும் வளையத்திலுள்ள காந்தம் அழிவதில்லை.

டிப்ராக்கின் முதன்மைக் கூறுகள் வருமாறு:

• வெற்றிடக் குழல்கள்: 2,700
• செருமேனியம் டயோடுகள்: 1,700
• மின்தடைகள்: 12,500
• நினைவகம்: 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்கள்
• சட்டகம்: 18 அடி நீளம், 2.5 அடி அகலம், 8 அடி உயரமுள்ள எஃகு அடுக்கு

எஃகு அடுக்கு 4 அடி நீளப் பகுதிகளாகச் செய்து இணைக்கப்பட்டது. பழுது பார்ப்பதற்காக ஒவ்வொரு பகுதிக்கும் இருபுறமும் கதவுகள் இருந்தன. வெற்றிடக் குழல்கள் சூடேறிப் பழுதடையக் கூடியவை என்பதால் இந்த ஏற்பாடு இன்றியமையாததாக இருந்தது. நிரல்கள் சுழியங்களும் ஒன்றுகளும் கொண்ட பொறிமொழியில் எழுதப்பட்டன.

வரைபடங்களையும் எழுத்துகளையும் காட்டக்கூடிய கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரை ஒன்றும் துணை வெளியீட்டுக் கருவியாக இதனுடன் உருவாக்கப்பட்டது. கணக்கின் விடையைத் திரையில் காண்பது அக்காலத்தில் அரிது. ஐக்கிய அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1958 ஆம் ஆண்டிலும், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1962 ஆம் ஆண்டிலும் உருவான தொடக்ககால நிகழ்பட விளையாட்டுகள் இரண்டும் இவ்வகைக் கதிர்க்குழாய்த் திரைகளிலேயே ஆடப்பட்டன. டிப்ராக்கின் திரை ஆய்வுப் பணிக்கெனவே அமைக்கப்பட்டது.

பயன்பாடும் ஓய்வும்

டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்களும் பிற ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்தோரும் டிப்ராக்கைப் பயன்படுத்தினர். 1964 ஆம் ஆண்டில் சிடிசி 3600 என்னும் பெருங்கணினி கழகத்திற்கு வந்தது. 1965 ஆம் ஆண்டளவில் டிப்ராக் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

டிப்ராக் பற்றிய மதிப்பீடு

டிப்ராக் பயன்பாட்டிற்கு வந்த வேளையிலேயே அதன் தொழில்நுட்பம் பழமையாகிவிட்டது. 1959 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் திரிதடையங்களால் ஆன 1401, 1620 ஆகிய கணினிகளை அறிவித்திருந்தது. இவை வெற்றிடக் குழல் கணினிகளைவிடச் சிறியவை. குறைந்த மின்சாரத்தில் இயங்குபவை. ஐபிஎம் 1620 கணினி 1963 ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. ஆகவே ஐந்தாறு ஆண்டுகள் உழைத்து ஒரே ஒரு பொறியைக் கட்டியது தேவைதானா என்னும் வினா எழுவது இயல்பே. டிப்ராக்கைப் பின்பற்றி வணிக முறையில் கணினி எதுவும் உற்பத்தி செய்யப்படவும் இல்லை.

எனினும் டிப்ராக்கின் பயன் அதன் வேகத்திலோ நினைவக அளவிலோ அடங்கிவிடவில்லை. கணினியின் ஒவ்வொரு சுற்றையும் தாமே வரைந்து, கட்டி, பழுது பார்த்த ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் இதன்வழி உருவாயினர். இவர்கள் 1960களில் இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட கணினிப் பணிகளிலும், பின்னர் அமைந்த அரசு நிறுவனங்களிலும் பங்காற்றினர். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து கட்டிய திரிதடையக் கணினி 1966 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1969 ஆம் ஆண்டில் டிடிசி-12 என்னும் கணினியும் இந்தியாவில் உருவானது. சொந்தமாகக் கணினி கட்ட இயலும் என்பதை இவற்றுக்கெல்லாம் முன்பே டிப்ராக் காட்டியிருந்தது.

பின்னாளைய வீட்டுக் கணினிகளுடன் ஒப்பீடு

டிப்ராக்கின் நினைவகம் மொத்தம் 81,920 பிட்டுகள், அதாவது 10 கிலோபைட் கொள்ளளவு உடையது. ஒரு பிட்டுக்கு ஒரு வளையம் என்பதால் அத்தனை காந்த வளையங்கள் அதற்குத் தேவைப்பட்டன. நுண்செயலிகளும் நினைவகச் சில்லுகளும் வந்தபின் இதே அளவு நினைவகம் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

1977 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் II கணினியின் அடிப்படை வடிவில் 4 கிலோபைட் நினைவகமே இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த அட்டாரி நிகழ்பட விளையாட்டுக் கருவியில் இருந்தது 128 பைட் மட்டுமே; டிப்ராக்கின் நினைவகம் இதைப்போல் 80 மடங்கு. இங்கிலாந்தில் 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த சின்கிளேர் இசட்எக்ஸ்81 என்னும் மலிவு விலை வீட்டுக் கணினி 1 கிலோபைட் நினைவகத்துடன் விற்கப்பட்டது. நினைவகத்தை மட்டும் கொண்டு பார்த்தால் டிப்ராக் இவற்றைவிடப் பெரியது. ஆனால் 18 அடி நீள எஃகு அடுக்கு செய்த வேலையை இசட்எக்ஸ்81 கணினியில் நான்கு சில்லுகள் செய்தன.

இந்தியப் பள்ளி மாணவர்களுக்குக் கணினியை அறிமுகப்படுத்தும் திட்டம் 1984 ஆம் ஆண்டில் தொடங்கியபோது, அதற்குத் தெரிவு செய்யப்பட்டது இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினியாகும். அதன் பி வகையில் 32 கிலோபைட் நினைவகம் இருந்தது. டிப்ராக் ஓய்வு பெற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், அதனினும் மும்மடங்கு நினைவகமுள்ள கணினி பள்ளி மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் வடிவமைப்பு வெளிநாட்டினுடையது. டிப்ராக் எழுப்பிய சொந்த வடிவமைப்பா, இறக்குமதியா என்னும் கேள்வி வீட்டுக் கணினிக் காலத்திலும் தொடர்ந்தது எனலாம்.

படங்களின் இலக்கணம்

1960களின் தொடக்கத்தில் நரசிம்மன் ஐக்கிய அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வருகைதரு ஆய்வாளராகப் பணியாற்றினார். அங்கு இல்லியாக் III என்னும் கணினித் திட்டத்தில் பங்கேற்றார். அணுத்துகள்கள் குமிழிக் கலத்தில் விட்டுச் செல்லும் தடங்களின் ஒளிப்படங்களைக் கணினியைக் கொண்டு ஆராய்வது அத்திட்டத்தின் முதன்மை நோக்கமாக இருந்தது.

ஒரு படத்தை அறிந்துகொள்வது என்பது அதற்கு ஒரு பெயரிடுவது மட்டுமன்று. அதன் உறுப்புகள் எவை, அவை எவ்வாறு இணைந்துள்ளன என்று விவரிப்பதே ஆகும் என்பது நரசிம்மனின் அணுகுமுறை. எழுத்துகள் சேர்ந்து சொல்லும், சொற்கள் சேர்ந்து தொடரும் ஆவதற்கு இலக்கணம் இருப்பதுபோல், கோடுகளும் சந்திகளும் சேர்ந்து படமாவதற்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று அவர் காட்டினார். தொடரியல்வழி வடிவமறிதல் என்னும் துறையின் முன்னோடி ஆய்வுகளுள் இது ஒன்றாக மதிக்கப்படுகிறது.

பட இலக்கணம் தமிழ்நாட்டிலும் வளர்ந்த ஒரு துறையாகும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் 1970களில் கோலங்களை இத்தகைய இலக்கணங்களின் வழியே ஆராய்ந்தனர்.

நிறுவனப் பணிகள்

1965 ஆம் ஆண்டில் இந்தியக் கணினிக் கழகம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக நரசிம்மன் பொறுப்பேற்றார். 1970களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் தோன்றிய மென்பொருள் வளர்ச்சி மற்றும் கணிப்பு நுட்பங்களுக்கான தேசிய மையத்தை உருவாக்குவதிலும் முன்னின்றார். இம்மையமே பின்னர் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாக வளர்ந்தது.

1975 ஆம் ஆண்டில் கணினிப் பராமரிப்புக் கழகம் என்னும் பெயரில் அரசு நிறுவனமொன்று தொடங்கப்பட்டது. நரசிம்மன் இதன் முதல் தலைவர் ஆனார். அயல்நாட்டு நிறுவனங்களின் பங்குரிமை வரம்பு பற்றிய சட்டத்தை ஏற்க இயலாமல் ஐபிஎம் நிறுவனம் 1978 ஆம் ஆண்டில் இந்தியாவை விட்டு வெளியேறியது. நாடெங்கும் அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு இக்கழகத்திற்கு வந்தது. உற்பத்தியாளர் இல்லாத நிலையிலும் அக்கணினிகள் தொடர்ந்து இயங்கின. பிறர் செய்த பொறியையும் திறந்து பார்த்துப் பழுது நீக்கும் திறன் உள்நாட்டில் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பின்னர் சிஎம்சி எனப் பெயர் சுருங்கிய இந்நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் இந்தியத் தொடர்வண்டித் துறைக்கான கணினிவழி முன்பதிவு முறையை உருவாக்கியது. 2001 ஆம் ஆண்டில் டாட்டா குழுமம் இதனை வாங்கியது. 2015 ஆம் ஆண்டில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் இது இணைக்கப்பட்டது.

மொழியும் எழுத்தறிவும்

பிற்காலத்தில் நரசிம்மனின் ஈடுபாடு கணினியிலிருந்து மனிதரின் மொழி நடத்தை நோக்கித் திரும்பியது. குழந்தை தன் முதல் மொழியை எவ்வாறு கற்கிறது என்பதை, சூழலுடனும் பெற்றோருடனும் அது கொள்ளும் ஊடாட்டத்தின் வழியே விளக்க முயன்றார்.

எழுத்தறிவு பற்றியும் அவர் விரிவாக எழுதியுள்ளார். எழுதப் படிக்கத் தெரிவதையே எழுத்தறிவின் அளவுகோலாகக் கொள்வதை அவர் ஆராய்ந்தார். நெடுங்காலம் நூல்களை வாய்மொழியாகவே பேணிய இந்திய மரபை மேற்குலக எழுத்தறிவு மரபுடன் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பணி ஓய்வுக்குப் பின் பெங்களூரில் வாழ்ந்த நரசிம்மன் 2007 ஆம் ஆண்டு செப்டம்பரில் தமது 81 ஆவது அகவையில் காலமானார்.

விருதும் சிறப்பும்

• பத்மசிறீ விருது, இந்திய அரசு (1977)
• இந்தியக் கணினிக் கழகத்தின் முதல் தலைவர்
• ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை

எழுதிய நூல்கள்

இவருடைய நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றுள் சிலவற்றின் பொருள் வருமாறு:

• மொழி நடத்தையை மாதிரிப்படுத்தல் (1981)
• மொழி நடத்தை: கற்றலும் படிமலர்ச்சி வரலாறும் (1998)
• எழுத்தறிவின் இயல்பு: மேற்கத்திய, இந்திய எழுத்தறிவுப் பட்டறிவுகள் (2004)

இவற்றையும் பார்க்க

• டிப்ராக்
• ஓமி பாபா
• டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம்
• கிண்டி பொறியியற் கல்லூரி
• வீட்டுக் கணினி
• கிஃப்ட் சிரோமணி